கொல்லிப்பாவையும் வெண்கலப் பூதமும்

ஒரு வாசகர், செம்மேடு, கொல்லிமலை.

கேள்வி: 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' (1963) படத்தை மறுபடியும் பார்த்தீர்களாமே! இன்றைய கிராபிக்ஸுக்கு முன்னால் அது வெறும் பொம்மலாட்டம்தானே?

பதில்: பொம்மலாட்டமேதான். அதனால்தான் பார்த்தேன்! கடைசியில் ஏழு எலும்புக்கூடுகள் வாளோடு மண்ணைப் பிளந்து எழும்புமே, சில நிமிடங்களே ஓடும் அந்தச் சண்டைக்காக, பொம்மைகளுக்கு உயிர் கொடுத்த ரே ஹாரிஹாசன் நாலரை மாதம் உட்கார்ந்திருக்கிறார். பொம்மையின் விரலை ஒரு நூலளவு நகர்த்தி ஒரு படம், இன்னொரு நூலளவு நகர்த்தி இன்னொரு படம். நம்மால் கொலு பொம்மையையே ஒன்பது நாள் ஒழுங்காக நிறுத்தி வைக்க முடியவில்லை.

வெண்கலப் பூதம் டாலோஸ் கிறீச்சிட்டபடி கழுத்தைத் திருப்பிக் கீழே பார்க்கும்போது, இந்த வயதிலும் காலை மடக்கிச் சோபாமேல் வைத்துக்கொண்டேன். கதாநாயகன் நடிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள், எலும்புக்கூடுகள் தேவலை.

அதிருக்கட்டும், கொல்லிமலையில் இருந்துகொண்டு கிரேக்கத்துப் பொம்மையை விசாரிக்கிறீர்களே! காற்று, மழை, இடி, நிலநடுக்கம் எதற்கும் அழகு குலையாத கொல்லிப்பாவை சங்கப் பாட்டிலேயே இருக்கிறாள். சிரித்தே ஆளைக் கொல்வாள் என்பது கர்ணபரம்பரைக் கதை. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்த வல்வில் ஓரியும் உங்கள் ஊர்க்காரர். இத்தனை இருந்தும் நம்மில் ஒரு ஹாரிஹாசன் பிறக்கவில்லை.

70 கொண்டை ஊசி வளைவு ஏறி ஒருநாள் வருகிறேன். அன்றைக்குப் பாவை சிரிக்கிற மூடில் இருந்தால் முன்கூட்டியே ஒரு கார்டு போடுங்கள்.