தீவுப் பில் மீது ஒரு தணிக்கைத் தடை

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர், சார்நிலைக் கருவூலம்;
தற்சமயம் முழுநேரத் தாத்தா.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
ஐந்து நட்சத்திர உல்லாச விடுதி,
மாலத்தீவு.

பொருள்: குடும்பச் சுற்றுலா – சிறு குழந்தைகள் இருவர் – தங்கள் பில் மீது தணிக்கைத் தடை எழுப்புதல் – மற்றும் ஊழியர் ஒருவர் குறித்து விண்ணப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. தாங்கள் மின்னஞ்சலில் அனுப்பிய கருத்துக் கேட்புப் படிவம். 2. என் மகன் கையெழுத்துப் போட்டுவிட்டு என் கண்ணில் படாமல் ஒளித்துவைத்திருந்த பில்.

ஐயா,

பார்வை 1இல் காணும் படிவத்தில், விடுமுறை எப்படி இருந்தது என்று கேட்டு, சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை ஐந்து முகங்களைப் போட்டு, ஒன்றைத் தொடச் சொல்லியிருந்தீர்கள். என் பேரன் ஐந்தையும் தொட்டுவிட்டான். அவனுக்கு வயது இரண்டே முக்கால். ஒரே மணி நேரத்தில் ஐந்து முகமும் அவனுக்கு வரும் என்பதால் அது நேர்மையான பதில்தான். ஆனாலும், காலமெல்லாம் அடுத்தவர் பில்லைக் கூராய்வு செய்தே பென்ஷன் வாங்குகிறவன் என்ற முறையில், எழுத்துமூலமாகவும் சிலவற்றைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் தங்கள் விளம்பரப் புத்தகம். அதில் ஒரு குடும்பம் இருக்கிறது. அப்பா, அம்மா, ஒரே ஒரு குழந்தை. மூவருக்கும் வெள்ளை உடை. அதில் சாம்பார்க் கறை இல்லை. குழந்தை நமக்கு முதுகைக் காட்டி, கையைக் கட்டி, கடலைப் பார்த்து நிற்கிறது. எந்த ஊர்க் குழந்தை ஐயா அது? விலாசம் கிடைத்தால் என் மருமகள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அந்தப் படத்தை நம்பித்தான் என் மகன் பணம் கட்டினான். “நீங்களும் வாங்கப்பா, நல்லா ரெஸ்ட் எடுக்கலாம்” என்று என்னையும் சேர்த்துக்கொண்டான். யார் ரெஸ்ட் எடுப்பார்கள் என்பதை அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அரசுப் பணியில் வாய்மொழி உத்தரவுக்கு மதிப்பில்லை என்று தெரிந்திருந்தும் கேட்கவில்லை.

தணிக்கைத் தடை எழும் இடம் இதுதான்: தங்கள் தீவில் குழந்தை என்பவர் யார்?

எங்கள் ஊர் அரசுப் பேருந்தில் 5 வயது வரை டிக்கெட் கிடையாது, 12 வயது வரை அரை டிக்கெட். சண்டை வந்தாலும் நடத்துநருக்கும் தாய்க்கும் இடையே, அடுத்த நிறுத்தத்துக்குள் முடிந்துவிடும். தங்களிடம் அப்படியில்லை. என் பேரனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டதால் கடல் விமானத்தில் அவன் பயணி. இரண்டு தாண்டிவிட்டதால் மாலத்தீவு அரசின் பசுமை வரியும் அவன் தலையில் விழுகிறது, இரவுக்கு 12 டாலர். 6 டாலராக இருந்ததை 2025 ஜனவரியில் இரட்டிப்பாக்கினார்கள். ஆக, டவுசரை இன்னும் முழுதாக நம்ப முடியாத வயதில் ஒரு வெளிநாட்டுக்கு வரி கட்டும் குடிமகனாகிவிட்டான். சரி, பெரியவன் ஆகிவிட்டான் போலிருக்கிறது என்று தங்கள் சிறுவர் மன்றத்துக்கு அழைத்துப் போனால், நான்கு வயது ஆகவில்லை, தனியே விட முடியாது, ஆயா வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு இவ்வளவு என்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் 12 வயது வரை எல்லோரும் குழந்தைகள், இலவசம். ஆனால் இலவசம் என்பது உருளைக்கிழங்கு வறுவல், கோழி உருண்டை, பாஸ்தா ஆகிய மூன்றுக்குத்தான். தயிர் சாதம் கேட்டவுடன் அவன் மறுபடி பெரியவன்.

தயிர் சாதத்தின் விலையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதைச் செய்துகொடுத்த சமையற்காரர் திருநெல்வேலிப் பக்கம். தாளிப்பில் பெருங்காயம் போட்டிருந்தார், அதற்கே தனியாகக் கொடுக்கலாம். நான் பேச வருவது விலைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கூட்டல் குறிகளைப் பற்றி. நூறு டாலர் என்று போட்டு ++ என்று விட்டுவிட்டீர்கள். முதல் கூட்டல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், ஆக 110. இரண்டாவது கூட்டல் சரக்கு மற்றும் சேவை வரி, 2025 ஜூலையிலிருந்து 17 விழுக்காடு. அதை 100க்குப் போடாமல் 110க்குப் போட்டு, 128 டாலர் 70 செண்ட் என்று முடித்திருக்கிறீர்கள். சேவைக் கட்டணத்தின் மீதும் வரி போடும் இந்த வித்தை சட்டப்படி சரியே என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே இந்த இனத்தில் தடை இல்லை, வியப்பு மட்டும் பதிவு செய்யப்படுகிறது.

அடுத்தது கடிகாரம். மாலத்தீவு நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்னால். விமான நிலையத்தில் அதற்கேற்பத் திருப்பிவைத்தேன். தங்கள் தீவில் இறங்கியதும், ‘தீவு நேரம்’ என்று ஒன்று தனியாக இருக்கிறது, தலைநகரைவிட ஒரு மணி நேரம் முன்னால் என்றார்கள். விருந்தினர் மாலை வெயிலை நீண்ட நேரம் அனுபவிக்க வேண்டுமாம். ஒரு விடுதி தன் சௌகரியத்துக்குச் சூரியனை நகர்த்தலாம் என்பது எனக்குப் புதிது. தேனிலவுக்கு வந்தவர்களுக்கு இது வசதியாக இருக்கலாம். பேரனின் வயிறு மட்டும் எந்தத் தீவு நேரத்தையும் ஏற்காமல் கடைசிவரை இந்திய நேரப்படியே இயங்கியது. உணவுக்கூடத்தின் கதவு எப்போது திறக்கும் என்று கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றவன் அவன்தான். துடைக்காத தடம் ஏதும் இருந்தால் மன்னிக்கவும்.

கடல் விமானத்தைக் குறை சொல்ல மாட்டேன். வெறுங்காலோடு விமானம் ஓட்டும் விமானியைப் பார்த்ததும் பேத்தி தன் எதிர்காலத்தை முடிவு செய்துவிட்டாள். பகல் வெளிச்சத்தில் மட்டும் பறக்கும் என்பதும், தலைக்கு 20 கிலோவும் கைப்பையில் 5 கிலோவும்தான் என்பதும் நியாயமே. எங்கள் பெட்டியின் எடை கூடியதற்குக் காரணம் ராகி மாவு, பருப்புப் பொடி, கிரைப் வாட்டர், டயப்பர், இரண்டு காய்ச்சல் மருந்து, ஒரு பித்தளைக் கிண்ணம். கிண்ணம் எதற்கு என்று கேட்டார்கள். அதில்தான் சாப்பிடுவான். வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

இனி அறை. கடலில் கட்டைகளை நட்டு, அவற்றின்மேல் கட்டிய வீடு. படுக்கையிலிருந்து ஏழெட்டு அடி நடந்தால் மேடை, மேடையிலிருந்து படி இறங்கினால் நேராக இந்துமாக்கடல். நடுவே கைப்பிடிக் கம்பி இல்லை, அழகு கெட்டுவிடுமாம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களை இத்தகைய வீட்டில் தங்கவே விடாத விடுதிகள் உண்டு. தாங்கள் தாராள மனம் படைத்தவர்கள். ‘என்ன நேர்ந்தாலும் நாங்களே பொறுப்பு’ என்று என் மகனிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தீர்கள். அந்தக் கையெழுத்தின் நடைமுறைப் பொருள் என்னவென்றால், கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். உலகமே புகைப்படம் எடுக்கும் அந்தக் கடலை நான் பெரும்பாலும் முதுகால்தான் அனுபவித்தேன். பார்க்கவேண்டியது கடலை அல்ல, பேரனை.

தரையில் பதித்த கண்ணாடியை மட்டும் மனமாரப் பாராட்டுகிறேன். இருவரும் அதன்மேல் குப்புறப் படுத்து, கீழே போகும் கிளி மீன்களைப் பார்த்தபடி கிடந்தார்கள். அதுதான் எனக்குக் கிடைத்த ஓய்வு. ஆனால் தங்கள் கடல் உயிரியல் நிபுணர் பேத்தியிடம் ஓர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாம். கிளி மீன் பவளப்பாறையைக் கொறித்துத் தின்னும், அரைபட்ட சுண்ணாம்பைப் பின்வழியே விடும், இந்த வெள்ளை மணலில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான் என்று விளக்கியிருக்கிறார். அறிவியல் என்ற முறையில் மிகச் சரி. அன்றிரவு கடற்கரை மெழுகுவத்தி விருந்தில், மணலில் கால் புதைத்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த இளந்தம்பதியிடம் பேத்தி போய், “ஆன்ட்டி, நீங்க கால் வெச்சிருக்கிறது மீன் கக்கா” என்று தெரிவித்துவிட்டாள். அவர்களுடைய கருத்துப் படிவத்தில் எந்த முகம் தொடப்பட்டது என்று அறிய ஆவல்.

இவையெல்லாம் சில்லறை இனங்கள். பெரிய இனத்துக்கு வருகிறேன்.

இறங்கிய மறுநாள் பேத்தி கேட்டாள்: “தாத்தா, இந்த ஊர்ப் பிள்ளைங்கல்லாம் எங்க?” அவளுக்கு விளையாட ஆள் வேண்டும். நானும் தீவைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றிவர அரைமணி ஆகவில்லை. உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது, மசாஜ் நிலையம் இருக்கிறது, சுருட்டு வைக்கத் தனி அறை இருக்கிறது. பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள் இல்லை. தங்கள் தீவில் யாரும் பிறப்பதில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். 1972இல் குரும்பா என்ற முதல் விடுதி திறக்கப்பட்ட நாளிலிருந்து, குடியில்லாத் தீவில் ஒரு விடுதி என்பதுதான் தங்கள் நாட்டு வழக்கம். விருந்தினர் ஒரு தீவில், ஊர் இன்னொரு தீவில். 2009க்குப் பிறகுதான் ஊர் இருக்கும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களுக்குக் கதவு திறந்தார்கள். மாஃபுஷி போன்ற இடங்களில் பள்ளி உண்டு, மசூதி உண்டு, பந்து விளையாடும் பையன்கள் உண்டு. பசுமை வரியும் சின்ன இல்லங்களில் பாதிதான். மகனிடம் இதைச் சொன்னேன். “அங்கெல்லாம் பிரைவசி இருக்காதுப்பா” என்றான். அவன் சொல்லும் பிரைவசிக்குத்தான் நான் கதவோரம் நாற்காலி போட்டிருந்தேன்.

தங்கள் தீவில் வேலை செய்கிறவர்கள் எத்தனையோ பேர். மாலத்தீவினர், வங்கதேசத்தார், இலங்கையர், நம் ஆட்கள். அத்தனை பேருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட அங்கே இல்லை. விமானத்தில் பயணி, வரியில் குடிமகன், மன்றத்தில் கைக்குழந்தை என்று எங்கள் வீட்டுப் பிள்ளையை மூன்றாகப் பிரித்த தங்கள் விதிப் புத்தகத்தில், ஊழியர் வீட்டுப் பிள்ளைக்கு ஓர் இனம்கூட இல்லை. இதைத் தடை என்று எழுத எனக்கு அதிகாரமில்லை. குறிப்பாக எழுதுகிறேன்.

விளையாட ஆள் கிடைக்காத பேத்தி குழி தோண்டினாள். முழங்கை ஆழம் போவதற்குள் தண்ணீர் ஊறிவிட்டது. பெரும்பாலான நிலம் கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர்கூட உயராத நாடு, வேறென்ன வரும்? அவளுக்கோ சொந்தக் கிணறு வெட்டிய பெருமை. மறுநாள் காலை போய்ப் பார்த்தால் கிணறு இல்லை. மணல் சலித்த மாவாகக் கிடக்கிறது. விடியும் முன்பே ஒருவர் பல்வாருகோல் வைத்து இலைகளையும் காலடிகளையும் குழிகளையும் சமன் செய்துவிடுகிறார். முதன்முதலாக மனிதன் காலடி படும் கரை என்ற பிரமையைத் தாங்கள் தினமும் புதிதாக விற்கவேண்டும் அல்லவா? அவள் மறுபடி தோண்டினாள். அவர் மறுபடி மூடினார். 

ஒரு விடியற்காலை, கோழி கூவாத அந்த ஊரில் கோழிக்கும் முன்பே எழுந்த பேரனைத் தூக்கிக்கொண்டு நான் கரைக்குப் போனபோது பேத்தியும் கூடவே வந்தாள். அவர் வாரிக்கொண்டிருந்தார். வங்கதேசத்துக்காரர். குழி தன்னுடையது என்று அவள் சைகையில் சொன்னாள். அவர் விரல்களைக் காட்டி வயது கேட்டார், இவள் ஏழு விரல் நீட்டினாள். கைபேசியை எடுத்து ஒரு சிறுமியின் படத்தைக் காட்டி, அவரும் ஏழு விரல் நீட்டினார். அடுத்த நாள் போய்ப் பார்த்தோம். கரை முழுக்க வாரியிருந்தது. குழி மட்டும் அப்படியே இருந்தது. புள்ளியைச் சுற்றி வளைத்த சிக்குக் கோலம் மாதிரி, கோடுகள் குழியைச் சுற்றிக்கொண்டு போயிருந்தன.

அன்று முற்பகல், தங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் வந்து அந்தக் குழியைக் கைக்கணினியில் படம் எடுத்துப் போனதைப் பார்த்தேன். படம் எடுத்தால் கோப்பு உருவாகும், கோப்பு உருவானால் குறிப்பாணை போகும். இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரிந்த ஒரே இயற்கை விதி அதுதான். எனவே இந்த விண்ணப்பம்.

மேற்படி ஊழியர் மீது விளக்கம் கோருதல், ஊதியப் பிடித்தம் முதலான எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன். குழிக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. அதற்குக் கட்டணம் உண்டென்றால், சேவைக் கட்டணம், அதன்மேல் வரி எல்லாம் சேர்த்துத் தாராளமாக பில் போடுங்கள். ஆனால் மன்றத்தின் ஆயாவுக்குத் தாங்கள் நிர்ணயித்த மணிக் கட்டணத்தில், பகல் இரவு இரு ஷிப்டுகளாக நான் பார்த்த வேலைக்கு வரவேண்டிய நிலுவை என் கணக்கில் நிற்கிறது. குழியின் தொகையை அதில் கழித்துக்கொண்டு, மீதியை அந்த ஊழியரின் பெயருக்கு வரவு வைத்து, எனக்கு ரசீது அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: 1. ஆயா பணிக்கான நிலுவைக் கோரிக்கை – இரண்டு பிரதிகள். 2. தயிர் சாதப் பற்றுச்சீட்டு – ஒன்று (பெருங்காயத்துக்குத் தடை ஏதும் இல்லை).