இரண்டு மார்க் பெருமூச்சு

1914-இல் இங்கிலாந்தில் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டும் அவர் நண்பர் எட்வர்ட் தாமஸும் சேர்ந்து காலாற நடப்பார்கள். எந்த வழியில் போனாலும், 'அந்தப் பக்கம் போயிருக்கலாமே' என்று தாமஸ் புலம்புவார். அவரைச் சீண்டத்தான் ஃப்ராஸ்ட் 'தி ரோடு நாட் டேக்கன்' கவிதையை எழுதினார். அது கிண்டல் என்பது தாமஸுக்கே பிடிபடவில்லை. ஃப்ராஸ்ட் விளக்கிக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

அதே கவிதை பாடமாக இருந்த சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பில் அந்தச் சிரமமெல்லாம் இருந்ததில்லை. பாதை என்றால் வாழ்க்கை, காடு என்றால் குழப்பம். எல்லாம் நோட்ஸிலேயே இருந்தது. 'இரண்டு பாதையும் ஒரே மாதிரிதான் தேய்ந்திருந்ததாகக் கவிதையே சொல்லுதே மிஸ்?' என்று எவனாவது கேட்டால், 'அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு.'

கவிதையில் கவிஞர் ஏன் பெருமூச்சு விட்டார்? இரண்டு மார்க் கேள்வி. 'சும்மா, போலிப் பெருமூச்சு' என்று எழுதினால் முட்டைதான். தாமஸுக்கு எழுதிய கடிதத்தில் ஃப்ராஸ்டே அப்படித்தான் சொன்னார்; அவரும் ரீவேல்யுவேஷனுக்குப் பணம் கட்டட்டும்.