வேலி போடும் மாப்பிள்ளை

தனி ஆளாக கேம் செய்கிறேன் என்று சொல்லிக்கொள்பவர்களில் ஒரு ரகம் உண்டு. கேம் எப்போது வரும் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். அதில் வரும் வேலியைப் பற்றிக் கேட்டால் நாற்காலி எடுத்துப் போடுவார்கள்.

நம்மவருக்குப் பகலில் ஐடி வேலை. வீடு அடங்கியதும் ஏஸ்பிரைட் என்ற பிக்சல் ஓவிய மென்பொருளைத் திறந்துகொண்டு பிக்சல் பிக்சலாக நகரம் கட்டுவார். 1989இல் கேப்காம் வெளியிட்ட ‘ஃபைனல் ஃபைட்’ கேமின் மெட்ரோ சிட்டிதான் இவருக்கு ஆதர்சம். செங்கல் சுவர், கட்டடத்துக்கு வெளியே தொங்கும் இரும்புப் படிக்கட்டு, நியான் போர்டு, கம்பிவலை வேலி எல்லாம் உண்டு. அமெரிக்கா பக்கம் இவர் போனதே இல்லை. ஜப்பான்காரர்கள் வரைந்த அமெரிக்காவைப் பார்த்து ஆதம்பாக்கத்தில் வரைகிறார். அதில் தப்பொன்றும் இல்லை. விசா செலவு மிச்சம்.

நேராக நிற்கும் வேலி சாது. ஒரு கண்ணியை வரைந்து நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போகலாம். சாய்ந்து உள்ளே போகும் வேலிதான் ஆளைக் கொல்லும். 30 பாகையில் கோடு இழுத்தால் படிகள் ஒரே அளவில் விழாது. இரண்டு பிக்சல், இரண்டு பிக்சல், திடீரென்று ஒன்று என்று பல்லை இளிக்கும். அதனால்தான் குறுக்கே இரண்டு, மேலே ஒன்று என்ற கணக்கு. பாகையில் சொன்னால் 26.57. 1993இல் வந்த ‘சிம்சிட்டி 2000’ கேம் ஊரோடு அந்தச் சாய்வில்தான் நிற்கிறது என்று சொல்லும்போது இவருக்குக் குரல் தழுதழுக்கும்.

மேல்கம்பி அப்படிச் சரியாகிவிடும். வலைக்கம்பி விடுமா? வேலி சாய்ந்தால் கண்ணியும் கோணுகிறது: ஒரு பக்கத்துக் கம்பி நிமிர்கிறது, மறுபக்கத்துக் கம்பி படுக்கிறது. அதையும் வழிக்குக் கொண்டுவந்தால், பின்சுவர் வேலியை விழுங்குகிறது. சுவரை மங்கவைத்தால் நியான் போர்டு கத்துகிறது. போர்டை அடக்கினால் தெருவே துக்க வீடாகிறது. இவ்வளவும் 1600 சதவீத ஜூமில் நடப்பதால், எட்டிப் பார்த்த மனைவி, “பாத்ரூமுக்கு டைல்ஸ் பாக்குறீங்களா?” என்று ஆசையாகக் கேட்டார்.

இந்த வேலியின் நீளம் 96 பிக்சல். நாயகன் ஃபிரேமுக்கு 2 பிக்சல் ஓடினால், நொடிக்கு 60 ஃபிரேம் கணக்கில், ஒரு நொடிக்குள் தாண்டிவிடுவான். தாண்டுவதற்கு நாயகன் வேண்டும். இப்போதைக்கு அவன் இடத்தில் ஒரு சிவப்புச் சதுரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கை கால் எல்லாம் பிறகு.

திண்டிவனத்திலிருந்து மாமனார் வந்தார். வேலி, வேலி என்று மகள் போனில் புலம்பியதைக் கேட்டு, மாப்பிள்ளை கமுக்கமாக மனை வாங்கிவிட்டார் என்று நினைத்திருந்தார்.

“பட்டா யார் பேர்ல மாப்ளே? அளந்துட்டீங்களா?”

“அளந்தாச்சு மாமா. ரெண்டுக்கு ஒண்ணு.”

“ரெண்டு கிரவுண்டா!”

திரையைக் காட்டினார். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விவசாயம் பார்த்த கண்ணால் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நிதானமாகப் பார்த்தார்.

“வேலி அம்சமா இருக்கு. கேட் எங்க?”

மாப்பிள்ளை ஆடிப்போனார். புது லேயர் ஒன்றைத் திறந்தார். மூடின கேட்டாக வைத்துவிடலாம். ஆனால் நாயகன் உள்ளே போக வேண்டுமே. திறந்த கேட் என்றால் அதற்குக் கோணம் வேறு.