நான்கு சென்சார்களும் நலம்

அனுப்புநர்:
உங்கள் ரசீதின்படி ‘மதிப்புமிக்க வாடிக்கையாளர்’,
கொண்டப்பநாயக்கன்பட்டி, சேலம்.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
பெயர் வேண்டாம், கண்ணாடிக் கட்டட சர்வீஸ் சென்டர்.

பொருள்: ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் – கெடாததைச் சரிசெய்து தந்தமைக்கு நன்றி நவிலல் – தொடர்பாக.

ஐயா,

நலம். நலமறிய ஆவல். என்னைவிட என் காரின் ஆக்சிஜன் சென்சார்கள் ரொம்ப நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒருநாள் மீட்டர் போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. உங்கள் பையன் ஸ்கேனரைச் சொருகி இரண்டு கோடு படித்தார்: பி0135, பி0141. “ரெண்டு சென்சாரும் போச்சுங்க சார்” என்றார். ஒரே நாளில், சொல்லிவைத்த மாதிரி இரண்டும். வீட்டில் ஹால் லைட்டும் சமையல்கட்டு லைட்டும் ஒன்றாக அணைந்தால், எங்கள் ஊரில் யாரும் இரண்டு பல்பு வாங்க அஸ்தம்பட்டிக்கு பஸ் ஏறுவதில்லை. பியூஸ் கட்டையைத்தான் முதலில் பிடுங்கிப் பார்ப்போம். இதெல்லாம் பட்டிக்காட்டு புத்தி. உங்கள் ஏசி ஹாலில், காபி மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கே மறந்துவிட்டது.

அந்த இரண்டு கோடுகளுக்கும் என்ன பொருள் என்று பிறகு படித்தேன். ‘ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் சர்க்யூட்’. நீங்கள் ‘ஹீட்டர்’ வரை படித்துவிட்டு பில் போடப் போய்விட்டீர்கள். கடைசிச் சொல்தான் விஷயமே. பேட்டரி, ரிலே, ஃபியூஸ், வயர், கப்ளர், ஹீட்டர், அதற்கு எர்த் கொடுக்கும் இ.சி.யூ. என்ற கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். இவற்றில் ஸ்பேனரும் ஸ்டோர் ரூமும் தேவைப்படும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்த உங்கள் நிர்வாகத் திறமையை என்னவென்று சொல்ல.

ஹீட்டர் ஏன் வேண்டும் என்பதையும் நானே தெரிந்துகொண்டேன். இந்த சென்சாரின் மூக்கு ஜிர்கோனியா என்ற பீங்கான். மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் அள்ளுகிறார்களே ஜிர்கான், அதன் வழி வந்ததுதான். கிட்டத்தட்ட 300 டிகிரிக்கு மேல் காய்ந்தால்தான் அந்த மூக்குக்கு மோப்பம் வரும். 1976இல் பாஷ் கம்பெனியின் சென்சார் வோல்வோ காரில் முதன்முதலில் வந்தபோது ஹீட்டர் கிடையாது. புகையின் சூட்டிலேயே காய்ந்துகொண்டது. 1982இல்தான் உள்ளே ஹீட்டர் வைத்தார்கள். அது வேலை செய்யாவிட்டால், வண்டியைக் கிளப்பியதும் கம்ப்யூட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றும். ஏற்காடு ஏறுகிறவனுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் சூடே சென்சாருக்குப் போதும். காய்கறிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டும் என் போன்றவன் பர்ஸில்தான் அது தெரியும்.

இரண்டு சென்சாரும் புதிதாக மாட்டிக் கோடுகளை அழித்தீர்கள். விளக்கு அணைந்தது. நான் கைகூப்பினேன். மூன்றாம் நாள் மறுபடி எரிந்தது. அதே கோடு, அதே இரண்டும். அப்போதாவது சந்தேகம் வரும் என்று நினைத்தேன். “இனி இ.சி.யூ.தான் சார் மாத்தணும்” என்று எஸ்டிமேட் வந்தது.

அந்தக் காகிதத்தோடு எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் தம்பியிடம் போனேன். புளியமரத்தடிதான் அவருடைய லவுஞ்ச். இரண்டு வயர் கோர்த்த ஒரு பன்னிரண்டு வோல்ட் பல்பு, ஒரு மல்டிமீட்டர், இவ்வளவுதான் சாமான். கப்ளரைக் கழற்றி, சாவியைத் திருப்பச் சொல்லி, ஹீட்டருக்குக் கரண்ட் வரும் பின்னில் பல்பை வைத்தார். எரியவில்லை. “சென்சாருக்குச் சோறே போகலீங்களே, அதைப் போய் மாத்தியிருக்காங்க” என்றார். நீங்கள் டிக்கியில் போட்டுக் கொடுத்திருந்த பழைய சென்சார்களின் வெள்ளை வயர் இரண்டில் மீட்டரை வைத்தார். இரண்டிலும் சில ஓம் காட்டியது. ஹீட்டர் அறுந்திருந்தால் முள் அசைந்திருக்காதாம்.

ஃபியூஸ் போயிருந்தது. புதியதைப் போட்டதும் அதுவும் பட்டென்று போனது. இந்த இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றி அனுப்பும் புண்ணியவான்களும் உண்டு. இவர் காரை ஜாக்கியில் தூக்கி, வயரைத் தடவிக்கொண்டே போனார். பின் சென்சாருக்குப் போகும் வயர் கிளிப்பை விட்டு இறங்கி, சைலன்சர் பைப்பின் மேல் படுத்து, தோல் உருகி, செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்று மாதம் முன்பு கிளட்ச் வேலைக்காக அந்தக் கிளிப்பைக் கழற்றிய இடம் எது என்பது உங்கள் ஜாப் கார்டிலேயே இருக்கிறது. நான் வேறு எதற்கு அதைச் சொல்லிக்கொண்டு.

உருகிய இடத்தை வெட்டி, புது வயர் சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, கிளிப்பில் ஏற்றினார். விளக்கு இன்றுவரை எரியவில்லை. ஆக, என்னிடம் இப்போது கார் ஒன்று, நல்ல சென்சார் நான்கு.

நேற்று உங்கள் வாடிக்கையாளர் திருப்திப் பிரிவிலிருந்து ஒரு பெண் அழைத்து, பத்துக்குப் பத்து போடச் சொல்லிக் கெஞ்சினார். பாவம், அவர் வேலை. போட்டுவிட்டேன்: ஃபியூஸ் பத்து ஆம்பியர், விலை பத்து ரூபாய்.

இப்படிக்கு,
மதிப்புமிக்க வாடிக்கையாளர்