கமுகம்பாளையும் பிராஜெக்ட்டும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ஏற்ற இறக்கம் இல்லாத ஊர் கிடையாது. எங்கள் காலத்தில் ரப்பர் விளைச் சரிவுதான் விளையாட்டுத் திடல். உதிர்ந்த கமுகம்பாளையின் அகலப் பக்கத்தில் குந்தி, ஓலைக் காம்பை முன்னால் பிடித்துக்கொண்டால் போதும்; பின்னாலிருந்து ஒருத்தன் தள்ளிவிடுவான். எவ்வளவு மேலே ஏறிக் கிளம்புகிறோமோ, அவ்வளவுக்குக் கால்சட்டை கிழியும். இதைப் படிப்பு என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

படிப்பு வகுப்பில் நடந்தது. நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் நிலையாற்றல். நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் இயக்க ஆற்றல். உதாரணம், 1940இல் மின்சாரம் தரத் தொடங்கிய பள்ளிவாசல். 1958இல் கட்டிய நெய்யாறு அணை பக்கத்திலேயே இருந்தும், சாருக்கு மூணாறு மலைதான் தோன்றியது. இழுத்துப் பிடித்த ரப்பரிலும் நிலையாற்றல் உண்டு என்று அவர் எழுதிப்போட்ட அன்றைக்குத்தான் என் தெற்றாலி பிடிபட்டது. அதில் இருந்த ஆற்றல் முழுவதும் அவருடைய பிரம்புக்கு மாறியது. ஆற்றல் அழிவதில்லை.

இப்போது தங்கை பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ரோலர் கோஸ்டர் பிராஜெக்ட். அவள் அப்பாவுக்கு டெக்னோபார்க்கில் வேலை. களியக்காவிளையில் கோலியும் பசையும் வாங்கி வந்து, ஃபோம் குழாயை நெடுக்கே பிளந்து, 30 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் வளைத்தார். அதே 30 செ.மீ. உயரத்திலிருந்து கோலியை விட்டார். உச்சிக்குப் போகும் முன்பே அது கழன்று கட்டிலுக்கடியில் ஓடியது.

“வட்டத்தோட உயரம் போதாதா மாமா?”

போதாது. உச்சியிலும் கோலிக்கு வேகம் மிச்சமிருக்க வேண்டும். உராய்வே இல்லாமல் வழுக்கினால் ஆரத்தைப் போல் இரண்டரை மடங்கு உயரம். உருளும் கோலி சுழலவும் ஆற்றலைச் செலவழிப்பதால் 2.7 மடங்கு. 15 செ.மீ. ஆரத்துக்கு 40 செ.மீ.க்கு மேல். ஃபோமின் உராய்வுக்குத் தனி வரி. ஸ்டூல் வந்தது, ஸ்டூல்மேல் அகராதி வந்தது. நடுராத்திரியில் கோலி சுற்றி வந்தபோது அவர் துள்ளிய துள்ளல், பாளையில் இறங்கிய பையன்களுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

பிள்ளை எப்போதோ தூங்கிவிட்டாள். “பசை காயல மக்களே, தொடாத” என்பது மட்டும்தான் அவள் கற்ற பாடம். மார்க் முழுசாகக் கிடைத்தது. நம் சாஸ்திர மேளாக்களில் ஒர்க்கிங் மாடல், ஸ்டில் மாடல் என்று இரண்டு பிரிவு உண்டு. இந்த வீட்டில் கோலி முதல் பிரிவு, பிள்ளை இரண்டாம் பிரிவு.

அப்பாமார்களே, அடுத்த பிராஜெக்ட்டுக்குக் கோலியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நீங்கள் போய்த் தூங்குங்கள்.