17.776 எங்கிருந்து வந்தது?
கேள்வி - பதில்

கேள்வி: இரண்டு குழுக்களின் சராசரியைக் கழித்தால் வித்தியாசம் வந்துவிடுகிறது. இதற்குப் போய் ஒரு நிரலா?
- வாசகர், சேலம்

பதில்: கழித்து வருவது உங்கள் கையில் இருக்கும் மாதிரியின் வித்தியாசம். அதற்குக் கால்குலேட்டர் போதும். நமக்கு வேண்டியது அந்த மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அந்த முழுமைத்தொகுதிகளின் வித்தியாசம். அதை யாரும் பார்த்ததில்லை. ஆகவே ஒற்றை எண்ணைச் சொல்லிவிட்டு நழுவ முடியாது. 'இதிலிருந்து இதுவரை' என்று சொல்ல வேண்டும். நிரல் அதற்குத்தான்.

கேள்வி: ஆர் மொழியோடு கூடவே வரும் 'ஸ்லீப்' தரவில் நானும் தோழியும் டி-டெஸ்ட் போட்டோம். எனக்கு பி மதிப்பு 0.079, அவளுக்கு 0.003. தரவு ஒன்றுதானே! யாருடையது தப்பு?
- எம்.எஸ்ஸி. மாணவி, சிதம்பரம்

பதில்: உங்களுடையதுதான். கோபிக்காமல் கேளுங்கள்.

அது குஷ்னியும் பீபிள்ஸும் 1905-இல் வெளியிட்ட தரவு. இரண்டு தூக்க மருந்துகள். ஒவ்வொன்றும் வழக்கத்தைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்க வைத்தது என்ற கணக்கு. முதல் மருந்தின் சராசரி 0.75 மணி, இரண்டாவதன் சராசரி 2.33. வித்தியாசம் 1.58 மணி. இதுவரை உங்கள் இருவருக்கும் சண்டையே இல்லை.

தரவில் இருபது எண்கள் இருப்பதைப் பார்த்து இருபது பேர் என்று எடுத்துக்கொண்டீர்கள். இருந்தவர்கள் பத்தே பேர். இரண்டு மருந்தையும் அவர்களேதான் சாப்பிட்டார்கள். தூக்கம் ஆளுக்கு ஆள் மாறும். முதல் மருந்தில் ஒருவருக்கு 3.7 மணி கூடியது, இன்னொருவருக்கு 1.6 மணி குறைந்தே போனது. தனித்தனிக் குழுக்கள் என்று கணக்குப் போட்டால் இந்த ஏற்ற இறக்கம் மொத்தமும் கணக்கில் ஏறி, 95% இடைவெளி -0.21 முதல் 3.37 வரை அகன்றுவிடுகிறது. நடுவில் பூஜ்யமும் மாட்டிக்கொள்கிறது.

ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டுப் பாருங்கள். 3.7 வந்தவருக்கு இரண்டாவது மருந்தில் 5.5. தூக்கம் குறைந்தவருக்கு 0.8 கூடுதல். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டாவது மருந்துதான் மேல். மீதி ஒருவருக்கு மட்டும் இரண்டும் ஒன்றே. பாவம், எதைச் சாப்பிட்டாலும் ஆறு நிமிடத் தூக்கம் நஷ்டம். இப்படி ஜோடி சேர்த்துக் கணக்கிட்டால் இடைவெளி 0.70 முதல் 2.46 வரை. உங்கள் தோழி செய்தது அதுதான்.

கேள்வி: ஜோடிக் கணக்குப் போடும்போது கவனிக்க வேண்டியது?
- ஆய்வு மாணவர், கோவை

பதில்: வரிசை. முதல் பத்தியின் மூன்றாவது எண்ணும் இரண்டாவது பத்தியின் மூன்றாவது எண்ணும் ஒரே ஆளுடையவை என்று ஆர் உங்களை நம்பிக்கொண்டிருக்கிறது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒரு பத்தியை மட்டும் ஏறுவரிசையில் அடுக்கினீர்களானால், அது முணுமுணுக்கக்கூடச் செய்யாது. யாரோ ஒருவரின் தூக்கத்தை வேறு யாரோடோ கழித்து, மூன்று தசமத் துல்லியத்தில் விடை தரும்.

கேள்வி: விடை மைனஸில் வருகிறதே?
- பெயர் வேண்டாம் என்றவர், நாமக்கல்

பதில்: முதல் குழுவிலிருந்து இரண்டாவதைக் கழிக்கிறது, அவ்வளவே. மேலே நான் தந்த இடைவெளிகளும் ஆரில் எதிர்க்குறியோடுதான் வரும். எது முதல் குழு என்று பாருங்கள். பார்க்காமல் 'மருந்து பலனளிக்கவில்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: 10 + 10 - 2 = 18 என்றுதான் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் படித்தோம். ஆர் 17.776 என்கிறது. சுதந்திரத்தில் பின்னமா?
- கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: 18 வேண்டுமென்றால் இரண்டு குழுக்களின் பரவலும் சமம் என்று நீங்கள் சத்தியம் செய்ய வேண்டும். ஆர் அப்படி எதையும் தானாக எடுத்துக்கொள்வதில்லை. வெல்ச் முறையில் இரண்டு பரவலையும் தனித்தனியே வைத்துக் கணக்கிடுகிறது. பின்னம் அதனால் வருவது. இங்கே இரு பக்கமும் பத்துப் பத்து எண்கள் என்பதால் விடையில் பெரிய மாற்றமில்லை. குழுக்களின் அளவும் பரவலும் மாறினால் மாறும். ஆரிலேயே இருக்கும் 'எம்டிகார்ஸ்' தரவில் 19 ஆட்டோமேட்டிக் கார்கள், 13 மேன்யுவல். அவற்றின் மைலேஜை ஒப்பிட்டால் வெல்ச் தரும் டி 3.77. பைத்தானின் சைபை, நீங்கள் வேறு மாதிரி சொல்லாதவரை, பரவல் சமம் என்றே வைத்துக்கொள்ளும், அதில் 4.11. இரண்டு மென்பொருளும் சரிதான். என்ன கேட்டோம் என்று தெரியாமல் விடையை வாங்கிக்கொண்டவர்தான் தப்பு.

கேள்வி: 95% நம்பிக்கை இடைவெளி என்றால் உண்மை அதற்குள் இருக்க 95% வாய்ப்பா?
- வங்கி ஊழியர், திருச்சி

பதில்: அந்த 95, கணக்கிடும் முறைக்குக் கொடுத்த மதிப்பெண்; உங்கள் இடைவெளிக்குக் கொடுத்ததல்ல. இதேபோல் மாதிரி எடுத்து எடுத்து இடைவெளி போட்டுக்கொண்டே போனால், நூற்றுக்குச் சுமார் 95 இடைவெளிகள் உண்மையைப் பிடித்து வைத்திருக்கும். உங்களுடையது அதில் ஒன்றா, மீதி ஐந்தில் ஒன்றா என்று எந்த நிரலும் சொல்லாது.

கேள்வி: 'ஸ்டூடண்ட் டி-டெஸ்ட்' கண்டுபிடித்த மாணவர் யார்?
- பிளஸ் டூ மாணவி, கரூர்

பதில்: மாணவரல்ல, டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காஸெட். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிட ஆலை அனுமதிக்கவில்லை. 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற பெயரில் எழுதினார். அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டதும் மேலே சொன்ன அதே பத்துப் பேரின் தூக்கம்தான்.

கேள்வி: எம்டிகார்ஸ் கணக்கை நானும் போட்டேன். மேன்யுவல் கார் சராசரியாக ஒரு கேலனுக்கு 7.25 மைல் கூடுதலாக ஓடுகிறது. பூஜ்யம் இடைவெளிக்குப் பக்கத்திலேயே இல்லை. கியர்தானே காரணம்?
- மெக்கானிக்கல் எஞ்சினியர், ஓசூர்

பதில்: வித்தியாசம் உண்மை, காரணம் சந்தேகம். அந்தத் தரவு 1974-ஆம் ஆண்டு 'மோட்டார் டிரெண்ட்' இதழிலிருந்து எடுத்தது. தூங்கியவர்களுக்கு இரண்டு மருந்தும் கிடைத்தது. எந்தக் காருக்கும் இரண்டு கியர்பாக்ஸும் மாட்டிப் பார்க்கவில்லை. அதில் ஆட்டோமேட்டிக் கார்களின் சராசரி எடை சுமார் 1,710 கிலோ, மேன்யுவல் கார்களுக்குச் சுமார் 1,090 கிலோ. எடையையும் சேர்த்து ரிக்ரஷன் போட்டுப் பாருங்கள். 7.25 மைல் சாதகம் 0.02 மைலாகச் சுருங்கி, அதுவும் ஆட்டோமேட்டிக் பக்கம் போய்விடுகிறது.