ஓனர் யாரு?

கம்ப்யூட்டர் தெரிந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எங்க இருக்கு அது?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். உங்கள் வீட்டில் அவர் சித்தப்பாவாக இருக்கலாம், எதிர் ஃபிளாட் சாராக இருக்கலாம். எங்கள் வீட்டில் யார் என்று எழுதினால் தீபாவளிக்கு ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது. ஆகவே பொதுப்படையாகவே சொல்கிறேன். அக்கா, அத்தான் என்று அவர் கூப்பிடுவதை வைத்து யாரும் உறவைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டுவார். யாரும் கேட்காமலே டெஸ்க்டாப் படத்தை மாற்றி அருவி வைப்பார். இதையெல்லாம் நாம் சகித்துக்கொள்ளலாம். அவரால் சகிக்க முடியாத ஒன்று உண்டு. ஏதாவது ஒரு ஃபோல்டரைச் சொடுக்கி, இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று திரையில் வந்துவிட்டால் போதும், மனுஷனுக்கு முகம் சிவந்துவிடும்.

"அனுமதி இல்லையாமே! காசு கொடுத்து வாங்கினது யாருக்கா?"

"நாமதான்" என்பார் அம்மா, காபி டம்ளரோடு.

"பின்னே? இவன் யாரு நம்மளைத் தடுக்க?"

இவன் என்று அவர் சொல்வது யாரை என்பது இதுவரை எங்களுக்கு விளங்கவில்லை.

கோபத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அவர் கம்ப்யூட்டர் கற்றது விண்டோஸ் 98 காலத்தில். அப்போது வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்க்குகள் பெரும்பாலும் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் எந்த ஃபைலுக்கும் சொந்தக்காரர் என்று ஒருவர் கிடையாது. பாஸ்வேர்டு கேட்கிற பெட்டி வந்தால்கூட எஸ்கேப் பட்டனைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடலாம். யாரும் எதையும் அழிக்கலாம். ராமராஜ்யம். யாருக்கு எதில் எவ்வளவு உரிமை என்று ஃபைலுக்கு ஃபைல் பட்டியல் வைத்திருக்கிற என்டிஎஃப்எஸ் முறை 1993-லேயே விண்டோஸ் என்டியுடன் வந்துவிட்டது என்றாலும், அது ஆபீஸ்களோடு நின்றிருந்தது. வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது 2001-ல் எக்ஸ்பியோடுதான். பிறகு விஸ்டாவில் இன்னொரு ஆள் சேர்ந்தான்: டிரஸ்டட்இன்ஸ்டாலர். விண்டோஸின் முக்கியமான ஃபைல்கள் இவன் பெயரில் இருக்கும். அட்மினிஸ்ட்ரேட்டரே ஆனாலும் கை தவறி அழித்துவிடக் கூடாது என்பதற்கான காவல். அந்தக் காவலைப் போட்டவர்கள் யாரை மனதில் வைத்துப் போட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிரச்சினை என்னவோ சின்னதுதான். பழைய கம்ப்யூட்டர் செத்துப்போய், அதன் ஹார்ட் டிஸ்க்கைப் புதியதில் மாட்டியிருந்தோம். கல்யாணப் படங்கள் இருக்கிற ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை. விண்டோஸ் ஆட்களைப் பெயரால் அறிவதில்லை. எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு நீண்ட எண்ணால் அறிகிறது. பழைய மெஷினில் அப்பாவுக்கு இருந்த எண் வேறு, புதியதில் வேறு. அந்த ஒரு ஃபோல்டரின் உரிமையை மாற்றிக் கொடுத்தால் தீர்ந்தது. அவர் அதைச் சரியாகவே செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். படங்கள் திறந்தன. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தோடு எழுந்து சாப்பிடப் போயிருக்கலாம்.

"இருங்கக்கா. இனிமே எங்கேயுமே அனுமதி இல்லைன்னு வரக்கூடாது. வேர்லயே சரிபண்ணிடறேன்."

வேர் என்பது சி டிரைவ்.

ரைட் கிளிக். ப்ராப்பர்ட்டீஸ். செக்யூரிட்டி. அட்வான்ஸ்டு. தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதல் பார்க்கிறவர் மாதிரி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து வாசித்தார்.

"ஓனர் யாரு? டிரஸ்டட்இன்ஸ்டாலர். யாருக்கா இவன், நம்ம வீட்ல?"

அம்மா தெரியாது என்று தலையாட்டினார். ஓனர் மாறினான்.

"சிஸ்டம்னு ஒருத்தன் இருக்கான். அவனுக்கு ஃபுல் கன்ட்ரோல் வேற!" சிஸ்டம் போனான். "அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்... பன்மைல போட்டிருக்கு, எத்தனை பேரோ." அவர்களும் போனார்கள். "யூசர்ஸ்... இது ஒரு கும்பல்." கும்பலும் போனது. கடைசியில் அப்பா பெயர் மட்டும் மிஞ்சியது. "இப்பதான் அத்தான், முழுசா உங்க பேர்ல வந்திருக்கு." அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் இதையே போடு என்கிற கட்டத்தில் ஒரு டிக். லட்சக்கணக்கான ஃபைல்களின் பெயர்கள் ஓடத் தொடங்கின. நடுநடுவே, இந்த ஃபைலில் மாற்ற முடியவில்லை, தொடரவா என்று விண்டோஸ் கேட்டது. கெஞ்சியது என்றே சொல்வேன். ஒவ்வொரு கெஞ்சலுக்கும் 'கன்டினியூ'. ஒன்றையாவது படிக்க வேண்டுமே! அம்மாவிடம் யார் வீட்டுப் பெண்ணுக்கோ வரன் அமைந்த கதையைச் சொல்லிக்கொண்டே தட்டினார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. உரிமை இருக்கிறதா என்று விண்டோஸ் பார்ப்பது ஃபைலைத் திறக்கும்போதுதான். ஏற்கெனவே திறந்து வைத்திருப்பவற்றைக் கொண்டு அது சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். சேதம் முழுதாகத் தெரிவது அடுத்த முறை ஆன் செய்யும்போது. இந்த ரகத்து ஆட்களுக்கு அது எப்படியோ தெரிந்திருக்கிறது. படியிறங்கும்போதுதான் சொன்னார்: "ஒரு ரீஸ்டார்ட் மட்டும் போட்டுக்குங்க."

போட்டோம். கறுப்புத் திரை. விண்டோஸைக் காலையில் எழுப்புகிறவனே அந்த சிஸ்டம்தான். அவனுக்கு உள்ளே நுழைய உரிமை இல்லை. அப்பாவுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. ஆனால் அப்பா உள்ளே போக லாகின் திரை வர வேண்டுமே.

போன் செய்தால், "நான் ஒண்ணும் பண்ணலையே. சும்மா செட்டிங்ஸ் பார்த்தேன். கரண்ட் ஏதாவது போச்சா?"

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கெடுத்ததைப் பொறுத்துக்கொள்ளலாம், கை வைத்த இடத்தைச் சொல்லாமல் விட்டதில் ஒரு ராத்திரி முழுக்க வீணானது. விண்டோஸ் எழும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று தடவை அணைத்தால், அது தானாகப் பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். போனது. ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓடி, தன்னால் ஆகாது என்றது. செக்டிஸ்க், டிஸ்க்கில் பழுதே இல்லை என்றது, அதுவும் நிஜம்தானே. உரிமைப் பட்டியலில் கை வைத்திருக்கிறார் என்று தெரிந்திருந்தால் நேராகக் கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்குப் போயிருக்கலாம். அந்தத் திரையில் சி டிரைவ் டி என்ற பெயரில் நிற்கக்கூடும். முதலில் அதைப் பார்த்துக்கொண்டு, டேக்ஓன் கட்டளையால் ஓனரை மாற்றி, ஐகேக்ல்ஸ் கட்டளையால் சிஸ்டத்துக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர்களுக்கும் உரிமையைத் திருப்பிக் கொடுத்து, மற்றதை ரீசெட் செய்ய வேண்டும். அப்படிச் செய்தாலும் எழுந்து உட்காரலாமே தவிர, பழைய ஆரோக்கியம் வராது. ரீசெட் என்பது மேல் ஃபோல்டரின் உரிமையைக் கீழே எல்லாவற்றுக்கும் இறக்கிக் கொடுப்பதுதான். ஃபைலுக்கு ஃபைல் தனியாக எழுதியிருந்த பட்டியல் போனது போனதே. விண்டோஸைப் புதிதாகப் போடுவதே உத்தமம்.

அதற்கு முன் அப்பாவின் பென்ஷன் பேப்பர்களை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டினோம். விண்டோஸின் அனுமதிப் பட்டியலை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லா ஃபோல்டரையும் திறந்து காட்டியது. பிட்லாக்கர் போட்டுப் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தேடி வீட்டையே புரட்டியிருப்போம். அவர் தேடுகிற ராமராஜ்யம் லினக்ஸ் பென் டிரைவில்தான் இருக்கிறது என்று இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

அவரை வையவும் மனம் வருவதில்லை. அம்மாவுக்குத் தமிழ்99 கீபோர்டு போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகத் தட்டப் பழக்கியவர் அவர். கூப்பிட்டால் மழையிலும் பஸ் பிடித்து வருவார். பஸ் காசுகூட வாங்கமாட்டார். காசு வாங்குகிற ஆளாக இருந்தால் சண்டையாவது போடலாம். அவர் வீட்டு லேப்டாப்பில் அவருக்கு இருப்பது சாதா யூசர் கணக்கு. அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை மகள் வைத்திருக்கிறாள், கேட்டால் தருவதில்லை. அறிவுள்ள பெண்.

ஆகவே அவர் வருவதாகப் போன் வந்தால், முக்கியமானதையெல்லாம் தனி டிஸ்க்கில் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். காபி கொடுங்கள். எந்த ஃபோல்டர் திறக்கவில்லையோ அதை மட்டும் காட்டுங்கள். கிளம்பும்போது ரீஸ்டார்ட்டை அவர் கையாலேயே போடச் சொல்லி, லாகின் திரை வரும்வரை அவரைச் செருப்பு மாட்ட விடாதீர்கள்.